பீச், சைக்கிள், மூணரை வயசு பையன்: ஒரே வாரத்துல மூணையும் எப்படி சமாளிக்கறது?

கேள்வி: ஒரு வாரம் லீவு போட்டு கடற்கரைக்கு போறோம். பையனுக்கு மூணரை வயசு, 15 கிலோ இருக்கான். வீட்டுக்காரருக்கு சைக்கிள்னா உயிரு, அங்கயே வாடகைக்கு எடுத்து பையனையும் பின்னாடி வெச்சுக்கிட்டு தினமும் 30 கிலோமீட்டர் ஓட்டணும்னு இப்பவே மேப் போட்டு வெச்சிட்டாரு. எனக்கு கால நீட்டி உக்காந்து அலைய பாத்துட்டு இருந்தா போதும். போன தடவை டூர் முடிஞ்சு வந்து அந்த அசதி போகவே ரெண்டு நாள் ஆச்சு. இந்த தடவை அப்படி ஆகாம இருக்க என்ன பண்ணணும்?

பதில்: முதல்ல அந்த மேப்ப மடிச்சு வைக்க சொல்லுங்க. அவர் கோவிச்சுக்க வேணாம், நானும் சைக்கிள் பைத்தியம்தான், இதே தப்ப பண்ணி வாங்கி கட்டிக்கிட்டவன்தான். 30 கிலோமீட்டர் பெரியவங்களுக்கு ஒண்ணுமே இல்ல, ஆனா பெல்ட் போட்டு பின்னாடி உக்கார வெச்ச குழந்தைக்கு அரை மணி நேரம் தாண்டினாலே அது தண்டனை மாதிரிதான். மிதிக்கறவருக்கு காத்து மூஞ்சில அடிக்குது, கடல் தெரியுது, அவனுக்கு தெரியறது அப்பாவோட வேர்த்து நனைஞ்ச முதுகு மட்டும்தான், இதுல என்னத்த ரசிப்பான் சொல்லுங்க. அதனால கணக்க கிலோமீட்டர்ல போடாதீங்க, பையனோட பொறுமைல போடுங்க. 20, 25 நிமிஷம் ஓட்டம், அப்பறம் எறக்கி விட்டு நண்டு வளை தேட விடுங்க, தோணினா மறுபடி ஏறுங்க. நிதானமா மிதிச்சா அந்த 25 நிமிஷத்துல 5 கிலோமீட்டர் வரும், போக வர 10, அன்னிக்கு கோட்டா அவ்ளோதான்.

அடுத்து எந்த நேரத்துல போறதுங்கறது. இத கடல்தான் முடிவு பண்ணும். வெயில் ஏற ஏற கடல விட நிலம் சீக்கிரம் சூடாகும், நிலத்து மேல இருக்கற காத்து லேசாகி மேல போகும், அந்த எடத்துக்கு கடல்லேர்ந்து காத்து உள்ள வரும். வெயில் நல்லா அடிக்கற நாள்ல இது முற்பகல்ல மெதுவா ஆரம்பிச்சு மத்தியானத்துக்கு மேல பலமா வீசும். விடியக்காலைல பெரும்பாலும் அமைதியா இருக்கும். அதனால சைக்கிள காலைலயே முடிச்சிடுங்க. இன்னொரு பழைய சைக்கிள்காரன் புத்தி, போகும்போது எதிர்காத்துல போங்க, வரும்போது அது தள்ளிக்கிட்டு வரும். தெரியாம மாத்தி பண்ணினா போகும்போது "ஆஹா என்ன வேகம்"னு தோணும், திரும்பும்போது பசில அழற குழந்தையோட எதிர்காத்துல மிதிக்கணும், அனுபவிச்சு சொல்றேன்.

சீட் விஷயம். கைப்பிடிக்கும் ஓட்டறவருக்கும் நடுவுல மாட்டற முன்பக்க சீட் பெரும்பாலும் 15 கிலோ வரைக்கும்தான், உங்க பையன் அந்த எல்லைலயே நிக்கறான், அதனால அத விட்டுடுங்க. பின்பக்க சீட் பொதுவா 22 கிலோ வரை தாங்கும், சீட்லயே எழுதியிருப்பாங்க, பாத்து வாங்குங்க. வாடகைக்கு எடுக்கும்போது எல்லாரும் பெல்லையும் பிரேக்கையும் அழுத்தி பாத்துட்டு கெளம்பிடுவாங்க, நான் மொதல்ல பாக்கறது ரெண்டு எடம். ஒண்ணு, கால் வெக்கற எடத்துல கம்பிக்குள்ள பாதம் போகாம தடுப்பு இருக்கா, பாதத்துக்கு பட்டி இருக்கா. ரெண்டாவது, ஓட்டறவர் உக்கார்ற சீட்டுக்கு அடியில ஸ்பிரிங் இருக்கா. பின்னாடி உக்காந்திருக்கற குழந்தை அந்த ஸ்பிரிங்க புடிச்சுக்கும், பள்ளத்துல எறங்கும்போது அப்பா வெயிட்டு மொத்தமும் அந்த விரல் மேல. ஸ்பிரிங் இருந்தா ஒரு துணிய இறுக்கமா சுத்திடுங்க, இல்ல வேற சைக்கிள் கேளுங்க. குழந்தைய உக்கார வெச்சுட்டு ஸ்டாண்ட நம்பி கைய எடுக்கவே கூடாது, ஒரு நொடி கூட, அவன் கொஞ்சம் சாஞ்சாலே வண்டி கவுந்துடும்.

ஹெல்மெட் வீட்லேர்ந்தே எடுத்துட்டு போங்க, வாடகை எடத்துல சின்ன சைஸ் இருக்கும்னு நம்பாதீங்க. புருவத்துக்கு மேல ரெண்டு விரல் எடம் விட்டு நேரா உக்காரணும், நெத்திய காட்டிக்கிட்டு பின்னாடி சரிஞ்சு இருந்தா அது தொப்பி, ஹெல்மெட் இல்ல. எறங்கினதும் ஹெல்மெட்ட கழட்டிடுங்க, அதோட ஊஞ்சல், ஏணின்னு ஏறினா பட்டி எங்கயாவது மாட்டி கழுத்த இறுக்கிடும். அப்பறம் நான் பட்ட அவமானம் ஒண்ணு. சைக்கிள வெயில்ல நிறுத்திட்டு மண்ல விளையாடிட்டு வந்து பொண்ண தூக்கி உக்கார வெச்சேன், வீல்னு ஒரு கத்து. பெல்ட் கொக்கி கொதிச்சு போய் தொடைல பட்டிருக்கு. அன்னிலேர்ந்து வண்டிய நிறுத்தினா சீட் மேல டவல் போடாம நகர மாட்டேன்.

சீட்லயே தூங்கிட்டான்னா ஓட்டாதீங்க. ஹெல்மெட் கனத்துல தலை முன்னாடி தொங்கும், கழுத்துக்கு நல்லது இல்ல. தூங்கற பழக்கம் இருக்கற குழந்தைன்னா பின்னாடி இழுத்துட்டு போற டிரெய்லர் கெடைக்குமான்னு கேளுங்க, உள்ள சாஞ்சுக்கலாம், நிழலும் உண்டு. ஆனா அது தாழ்வா இருக்கும், வண்டி போற ரோட்ல கண்ணுக்கு படாது, அதனால கொடி கட்டியிருந்தா கூட சைக்கிள் பாதைல மட்டும்தான்.

கடற்கரை பாதைல இன்னொரு வில்லன், காத்துல பறந்து வந்து சிமென்ட் மேல படிஞ்சு கெடக்கற மணல். தெரியவே தெரியாது, முன் சக்கரம் வழுக்கிடும். அதப் பாத்தா முன்னாடியே வேகத்த கொறைங்க, மணல் மேல போகும்போது திருப்பாதீங்க, பிரேக் போடாதீங்க, நேரா உருட்டிட்டு போங்க. கொஞ்ச தூரத்துக்கு இருந்தா எறங்கி தள்ளறதுதான் புத்திசாலித்தனம். மணல் மேலயே ஓட்டணும்னு அவருக்கு ஆசைன்னா தண்ணி வத்தினப்போ ஈரமா கெட்டியா இருக்கற பட்டையில ஓட்டலாம், அதுவும் தனியா போறப்போ. கடல் ஏறி எறங்கற நேரம் தினமும் சுமாரா 50 நிமிஷம் தள்ளிப் போகும், அதனால இன்னிக்கு ஏழு மணிக்கு அகலமா கெடந்த மணல் நாலு நாள் கழிச்சு அதே ஏழு மணிக்கு தண்ணிக்குள்ள இருக்கலாம்.

இப்ப தண்ணி. இதுதான் முக்கியம், மத்த எதுல அலட்சியமா இருந்தாலும் இதுல வேணாம். சின்ன குழந்தை இருக்கேன்னு எல்லாருமே அலை கம்மியா இருக்கற எடமா தேடுவாங்க, அங்கதான் ஆபத்தே. ரெண்டு பக்கமும் அலை வெள்ளையா ஒடையுது, நடுவுல ஒரு சந்து மட்டும் அமைதியா, கொஞ்சம் கருப்பா இல்ல கலங்கலா இருக்குன்னா, கரைக்கு வந்த தண்ணி எல்லாம் அந்த வழியாதான் திரும்ப கடலுக்குள்ள ஓடுதுன்னு அர்த்தம். அது ஆள உள்ள இழுக்கற நீரோட்டம். பெரியவங்க மாட்டிக்கிட்டா எதிர்த்து நீந்தக் கூடாது, மிதந்துக்கிட்டே கைய தூக்கி காட்டணும், தெம்பு இருந்தா கரைக்கு இணையா பக்கவாட்டுல நீந்தி வெளிய வரணும். குழந்தைய அந்த பக்கமே கூட்டிட்டு போகாதீங்க. உயிர்காக்கற ஆளுங்க இருக்கற பீச்சா பாத்து போங்க, குளிக்க எங்க நல்லதுன்னு அவங்ககிட்டயே கேளுங்க.

கணுக்கால் அளவு தண்ணினாலும் ஒருத்தர் கை எட்டற தூரத்துல இருக்கணும். முழுகற குழந்தை "அம்மா"ன்னு கத்தும், கைய ஆட்டும்னு நினைக்கறோம், பெரும்பாலும் சத்தமே வராது. காத்தடிச்ச டியூப், மெத்தை எல்லாம் விளையாட்டு சாமான், பாதுகாப்பு சாமான் இல்ல, கரைலேர்ந்து கடல் பக்கம் காத்து அடிச்சா நிமிஷத்துல உள்ள கொண்டு போய்டும். ரெண்டு பேர் இருக்கீங்கல்ல, "நீ பாத்துட்டு இருப்பன்னு நெனச்சேன்"ங்கற பேச்சே வரக்கூடாது. "இப்ப உன் ட்யூட்டி"ன்னு வாய் விட்டு சொல்லி மாத்திக்கோங்க, ட்யூட்டில இருக்கறவர் கைல போன் கூடாது. நீச்சல் டிரஸ் நீலத்துல எடுக்காதீங்க, தண்ணியோட தண்ணியா மறைஞ்சுடும், பளிச்சுனு ஆரஞ்சு எடுங்க.

மண்ல குழி தோண்ட விடுங்க, ஆனா அவன் முட்டி ஆழத்துக்கு மேல வேணாம், ஓரம் சரிஞ்சா மணல் மூடிடும். கெளம்பறப்போ மூடிட்டு வந்துடுங்க. கரை ஒதுங்கின ஜெல்லி மீன் செத்திருந்தாலும் கொட்டும், அத மட்டும் தொடாதன்னு மொத நாளே காட்டி சொல்லிடுங்க.

வெயிலுக்கு என்கிட்ட ஒரே கணக்குதான், நம்ம நிழல் நம்மள விட குட்டையா இருந்தா உள்ள போய்டணும். மேகமா இருந்தாலும் இந்த கணக்க மாத்தாதீங்க. எஸ்பிஎஃப் 30க்கு குறையாத சன்ஸ்க்ரீன் வெளிய போறதுக்கு கால் மணி நேரம் முன்னாடி, அப்பறம் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, தண்ணிலேர்ந்து வந்தா உடனே. காது, பின்கழுத்து, பாதத்து மேல்பக்கம் மூணும் எல்லாரும் மறக்கற எடம். குடை இருக்கேன்னு விட்டுடாதீங்க, மணல்லேர்ந்தும் நுரைலேர்ந்தும் கதிர் தெறிச்சு கீழேர்ந்து வரும். முழுக்கை டிரஸ் போட்டா பூச வேண்டிய எடமே பாதியா கொறையும், அடம் புடிக்கற குழந்தைக்கு அதுதான் வழி.

தங்கற எடம் கொஞ்சம் சுமாரா இருந்தாலும் பரவால்ல, நடந்து 5 நிமிஷத்துல மணல்ல கால் படணும். மத்தியானம் திரும்பி வந்து கழுவி சாப்ட வெச்சு தூங்க போடறது ஈசியா இருந்தாதான் சாயங்காலம் ரெண்டாவது ரவுண்டு சந்தோஷமா போக முடியும்.

இனி உங்க வீட்டுக்காரர். அவரோட 30 கிலோமீட்டர பையன் தூங்கற விடியக்காலைல தனியா ஓட்டட்டும், ஒரு நாள் விட்டு ஒரு நாள், எட்டு மணிக்குள்ள ரூமுக்கு வந்துடணும். பதிலுக்கு சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் பையன் அவர் பொறுப்பு, நீங்க சேர போட்டு அலைய பாருங்க, நடுவுல வந்து "டவல் எங்க"ன்னு கேக்கக் கூடாது. அந்த ஒன்றரை மணி நேரத்துலயே சைக்கிள் கழுவற வேலையையும் அப்பாவும் பையனும் சேந்து முடிச்சுக்கலாம். உப்பு செயின அரிச்சிடும், நல்ல தண்ணிய மெதுவா ஊத்தி, வேகமா பீச்சக் கூடாது, துடைச்சு காய வெச்சு ரெண்டு சொட்டு எண்ணெய். எண்ண சொட்டறது பையன் வேலையா இருக்கட்டும், செயின் பக்கம் அவன் விரல் போகாம பெடல அப்பா பிடிச்சுக்கட்டும்.