பொங்கலோடு நின்றுபோகும் டைரி

கேள்வி: எனக்கு வயது 34. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர். இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகன் இருக்கிறான். ஒவ்வொரு ஜனவரியும் காலை 5 மணிக்கு எழுவது, யோகா, 20 பக்கம் வாசிப்பு, இங்கிலீஷ் பேசிப் பழகுவது, இரவில் டைரி என்று ஐந்து பழக்கங்களைத் தொடங்குவேன். பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பியதும் எல்லாம் நின்றுவிடும். மூன்று ஆப் போட்டுப் பார்த்தேன், அதே கதைதான். ஆபீஸிலும் ஃபாலோ-அப் விட்டுப்போய்த் திட்டு வாங்குகிறேன். எனக்கு ஒழுங்கு போதவில்லையா, முறை தப்பா?

பதில்: முறைதான் தப்பு. உங்கள் வீட்டுச் சமையலறைக் காலண்டரைப் போய்ப் பாருங்கள். சிலிண்டர் மாற்றிய தேதி, பால் வாங்காத நாளுக்கு ஒரு சுழி, கூடுதல் பாக்கெட்டுக்கு ஒரு கோடு, எல்லாம் அதில் இருக்கும். அதை எழுத யாரும் சபதம் எடுத்ததில்லை. எழுத வேண்டியது ஒரே ஒரு குறி, பேனா ஆணியிலேயே தொங்குகிறது, பால் வந்ததும் கை தானாக அங்கே போகிறது. இரண்டு நாள் விட்டுப்போனால் காலண்டரைக் கழற்றி எறிவதும் இல்லை. உங்கள் டைரியோ தினமும் ஒரு முழுப் பக்கம் கேட்கிறது, எந்த நேரத்தில் என்றும் சொல்வதில்லை, ஒரு நாள் விட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.

ஆகவே ஐந்தில் நான்கை இப்போதைக்கு எடுத்துவிடுங்கள். இரவில் எழுதுவது மட்டும் இருக்கட்டும். 5 மணி அலாரத்தை ஏன் விடச் சொல்கிறேன் என்றால், பாத்திரம் கழுவி, பையன் ஹோம்ஒர்க் பார்த்து நீங்கள் படுக்க 11 மணி தாண்டும் என்பது என் ஊகம். அப்படியானால் அந்த அலாரம் தூக்கத்தில்தான் கைவைக்கும்.

'21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும்' என்பதை நம்பாதீர்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலியின் குழு 96 பேரை 12 வாரம் தொடர்ந்து கவனித்து, 2010-ல் முடிவை வெளியிட்டது. ஒரு செயல் யோசிக்காமல் நடக்கும் நிலைக்கு வர நடுத்தரமாக 66 நாள். ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை ஆகலாம் என்று கணக்கிட்டார்கள். தண்ணீர் குடிப்பது போன்றவை சீக்கிரம் படிந்தன, உடற்பயிற்சி இழுத்தது. உங்களுக்கு முக்கியமானது இன்னொன்று: இடையில் ஒரு நாள் விட்டுப்போனது பெரிய பாதிப்பு எதையும் ஏற்படுத்தவில்லை. பொங்கல் உங்களைக் கெடுக்கவில்லை. 'விட்டுப்போச்சு, இனி எதற்கு' என்ற நினைப்புதான் கெடுத்தது.

இனி எப்போது, எங்கே என்ற கேள்வி. 'இரவில் எழுதுவேன்' என்றால் எழுத மாட்டீர்கள். 'அடுப்பைத் துடைத்து கேஸை மூடியதும், அந்த மேடையிலேயே நோட்டைத் திறப்பேன்' என்று முடிவெடுங்கள். 'இது நடந்ததும் அதைச் செய்வேன்' என்று முடிச்சுப் போட்டுவைத்தால் காரியம் நடக்கும் வாய்ப்பு கூடுகிறது என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990-களிலிருந்து பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். நோட்டு பீரோவில் இருக்கக் கூடாது, மிளகாய்த்தூள் கறை பட்டாலும் பரவாயில்லை.

என்ன எழுதுவது? முதலில் நாளைய வேலைகள், ஐந்து நிமிடம். அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் 57 பேரைத் தூக்க ஆய்வுக்கூடத்தில் வைத்துப் பார்த்தார்கள். படுக்கும்முன் ஐந்து நிமிடம், வரும் நாட்களில் செய்ய வேண்டியதை எழுதியவர்கள், முடித்ததை எழுதியவர்களைவிடச் சராசரியாக 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். விவரமாக எழுதியவர்களுக்கு இன்னும் சீக்கிரம்.

இந்த 'விவரமாக' என்பதில்தான் உங்கள் ஆபீஸ் பிரச்சினையும் இருக்கிறது. 'டையிங் (சாயம் ஏற்றும் வேலை) ஃபாலோ-அப்' என்று எழுதினால் அது வேலை இல்லை, கவலை. காலையில் அதைப் பார்த்ததும் கண் அடுத்த வரிக்குத் தாவிவிடும். அதையே இப்படி எழுதுங்கள்: '11 மணி. டையிங் யூனிட்டுக்குப் போன். நேவி துணி என்றைக்கு வரும்? தேதி வாங்காமல் போனை வைக்காதே.' இதைப் படித்ததும் கை போனுக்குப் போகும்.

ஒரு நாளைக்கு இப்படி மூன்றுதான். குறைவாகத் தோன்றும். ஆனால் நம் நேரக் கணக்கு எப்போதும் பேராசைக் கணக்கு. கனடாவில் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டபோது சராசரியாக 34 நாள் என்றார்கள், ஆனது 55. அதுவும் ஆர்டர் கொடுக்கும் பையர் காலையில் அனுப்பும் ஒரு மெயிலில் மொத்த நாளும் தலைகீழாகும் வேலை உங்களுடையது. முடிந்தால் டிக், முடியாவிட்டால் அம்புக்குறி போட்டு மறுநாளுக்குத் தள்ளுங்கள். ஒரே வேலைக்கு மூன்றாவது அம்பு விழுந்தால் நிறுத்தி யோசியுங்கள். அதைத் துண்டாக்க வேண்டும், வேறு யாரிடமாவது கொடுக்க வேண்டும், இல்லை அடித்துவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் அம்புகளை மட்டும் புரட்டிப் பார்த்தால் எந்த மாதிரி வேலையில் நீங்கள் இழுக்கிறீர்கள் என்று தெரிந்துவிடும்.

அப்புறம் டைரி. மனதைக் கொட்டி எழுத வேண்டும் என்ற எண்ணம்தான் பலரை மூன்றாவது நாளே விரட்டுகிறது. புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் டூப்ளே காலத்தில் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளர், வியாபாரத் தரகர்) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736-லிருந்து தன் இறுதிக் காலம் வரை தமிழில் எழுதிய நாட்குறிப்பைப் பாருங்கள். எந்தக் கப்பல் வந்தது, யார் யாரிடம் என்ன சொன்னார்கள், சரக்கு, வழக்கு, ஊர் வம்பு என்று வியாபாரி எழுத்தாகவே போகும். உங்களுக்கு ஒரு வரி போதும், நடந்ததை எழுதுங்கள்: 'சாம்பிள் ரிஜெக்ட், காலர் அளவு தப்பு. பையன் ஏழாம் வாய்ப்பாடு சொன்னான்.' மனம் கனத்த நாளில் பத்து வரி வந்தால் வரட்டும்.

ஆப் வேண்டாம் என்பது என் கட்சி. அலாரத்துக்கும் மீட்டிங்குக்கும் போன் சரி. ஆனால் இரவு 10 மணிக்கு லிஸ்ட் எழுத போனை எடுத்தால் வாட்ஸ்அப்பில் ஃபேக்டரி குரூப் காத்திருக்கும்.

இரண்டு மாதம் கழித்து, நோட்டு தானாகத் திறக்க ஆரம்பித்ததும், யோகாவையோ வாசிப்பையோ ஒன்றைச் சேருங்கள். யோகா என்றால் இரண்டு ஆசனம், வாசிப்பு என்றால் இரண்டு பக்கம்.

புது நோட்டு வாங்க வேண்டாம். பொங்கலோடு நின்ற அந்த டைரியையே எடுங்கள். ஜனவரி 15 என்று அச்சிட்டிருப்பதைப் பேனாவால் அடித்துவிட்டு, இன்றைய தேதியைப் போடுங்கள். அடுத்தமுறை நான்கு நாள் விட்டுப்போனாலும் அப்படித்தான், பக்கத்தைக் காலியாக விடாமல் அடுத்த பக்கத்தில் அன்றைய தேதி.