ஆந்தையைக் கண்டுபிடிப்பது எப்படி? பல இரவுகள் டார்ச்சுடன் அலைந்தும் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. இதற்கு அதிர்ஷ்டம் வேண்டுமா?

அதிர்ஷ்டம் வேண்டாம். டார்ச்சை வீட்டில் வைத்துவிட்டுப் பகலில் போங்கள். நீங்களும் கிளைகளையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நடந்திருப்பீர்கள். நான் ஒரு மார்கழி மாதம் முழுவதையும் அப்படித்தான் வீணாக்கினேன்.

மதுரை மாவட்டத்தில் கைவிடப்பட்ட ஒரு கல்குவாரி அது. பொழுது சாய்ந்ததும் கொம்பன் ஆந்தையின் கனத்த குரல் கேட்கும். ஆந்தை மட்டும் அகப்படாது. அங்கே ஆடு மேய்க்கும் பெரியவர்தான், "பாறையில் சுண்ணாம்பு வழிந்த மாதிரி எங்கே இருக்கிறது என்று பாருங்கள் தம்பி" என்றார். எச்சத்தைச் சொல்கிறார். பார்த்தேன், வெள்ளைக் கோடுகள் இருந்தன. அவற்றின் அடியில் விரல் நீளத்துக்குச் சாம்பல்நிற உருண்டைகள். செரிக்காததை ஆந்தை கக்கிய உருண்டைகள் அவை. ஒன்றைப் பிரித்தேன். ரோமத்துக்குள் எலியின் தாடை, மஞ்சள் பற்களோடு அப்படியே இருந்தது. அதன்பின் மூன்று நாட்கள் எதிர்ப்பக்கம் அசையாமல் உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் காலை, கரிச்சான்களும் மைனாக்களும் ஒரே புதரைச் சுற்றிக் கத்தின. புதரடியில் கல் என்று நான் நினைத்திருந்தது, ஆரஞ்சு நிறக் கண்ணைத் திறந்தது.

பறவையியல் படித்தவர்கள் வேறு முறை சொல்லலாம்; நான் சாதாரணப் பள்ளி ஆசிரியன். ஆனால் செல்பேசியில் ஆந்தைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்கும் யோசனையை மட்டும் ஏற்கவே மாட்டேன். தன் எல்லைக்குள் வேறோர் ஆந்தை புகுந்துவிட்டதென்று அது இரை தேடுவதை விட்டுவிட்டு அலையும். கொம்பன் ஆந்தை கூடு கட்டுவதில்லை. பாறை விளிம்பில் வெறுந்தரையில் முட்டையிடும். அதைக் கிளப்பிவிட்டால் முட்டைக்குக் காவல் இல்லை.

இடத்தின் பெயரை ஏன் மறைக்கிறீர்கள் என்று சிலர் கேட்பார்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுத்தாலும், மாந்திரீகத்துக்கென்று ஆந்தை பிடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதனால் மறைக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பக்கம் மாலை 6.45-க்கு ஒரு டவுன் பஸ் வந்துகொண்டிருந்தது. ஆள் ஏறவில்லை என்று நிறுத்திவிட்டார்கள். டியூஷன் முடிந்து வரும் பிள்ளைகள் ஆள் இல்லையா? ஆந்தை குரல் கொடுக்கும் நேரத்தில் அவர்கள் இருட்டில் மூன்று கிலோமீட்டர் நடக்கிறார்கள். மனு கொடுத்து எட்டு மாதம் ஆகிறது.

நீங்கள் போகும் இடத்திலிருந்து திரும்பி வர வண்டி இருக்கிறதா என்று முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.