நாலு பரப்பில் சீனித்துளசி நடலாமா?

உரும்பிராயிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "வெங்காயம் செய்த நாலு பரப்புச் செம்மண் தோட்டம் இருக்கிறது. சீனித்துளசி (ஸ்டீவியா) நட்டு, இனிப்புத் தயாரிக்கும் கம்பனிகளுக்கு இலை விற்க நினைக்கிறேன். அந்த இனிப்பை இப்போது தொட்டிக்குள்ளேயே செய்கிறார்கள் என்று மகன் சொல்கிறான். உண்மையா? நட்டால் நட்டமா?"

மகன் சொன்னது உண்மை. கம்பனியை நம்பி நாலு பரப்பிலும் நடவேண்டாம் என்பதே என் பதில்.

சீனித்துளசி இலையில் உருவாகும் ஸ்டீவியோல் தனியே இனிக்காது. செடியின் நொதியங்கள் அதில் குளுக்கோசை ஒவ்வொன்றாக ஒட்ட ஒட்டத்தான் இனிப்பு வருகிறது. மூன்று ஒட்டினால் ஸ்டீவியோசைட். இனிப்பின் பின்னால் நாக்கில் கைப்பும் தங்கும். நாலு ஒட்டினால் ரெபோடியோசைட் ஏ, கைப்புக் குறைவு. ஆறு ஒட்டிய ரெபோடியோசைட் எம் சீனியின் சுவைக்கு மிக நெருக்கம். (எங்கள் பனங்களியின் கைப்புக்கும் சீனி ஒட்டிய மூலக்கூறுகளே காரணம். அங்கே ஒட்டியதைக் கழற்றினால் கைப்புக் குறையும்.) கம்பனிகள் விரும்புவது எம் வகையை. காய்ந்த இலையில் அது 0.1 சதவீதம்கூட இல்லை. ஒரு கிலோ எடுக்க ஆயிரம் கிலோவுக்கு மேல் காய்ந்த இலை வேண்டும். அதற்காக நிலத்தையும் நீரையும் செலவழிப்பது நியாயமே இல்லை.

அதனால் ஒட்டும் நொதியத்தையே வேலைக்கு எடுத்தார்கள். யூஜிடி76ஜி1 என்ற சீனித்துளசி நொதியத்தைப் பற்றீரியாவிலோ மதுவத்திலோ பெருக்கி, இலையில் தாராளமாகக் கிடைக்கும் ஸ்டீவியோசைட்டோடு சேர்த்தால், அது நாலாவது குளுக்கோசை ஒட்டுகிறது. ஐந்தாவதை ஒட்ட நெல்லின் நொதியம் ஒன்று உதவுகிறது. ஆறாவதை மறுபடியும் முதலாவதே ஒட்டிவிடும். குளுக்கோசைச் சுமந்துவரும் யூடிபி என்ற மூலக்கூறு விலை கூடியது. ஆனால் சுமை இறக்கிய லொறிபோல அது திரும்பத் திரும்ப ஓடலாம். சாதாரண சீனியை உடைத்து அதில் குளுக்கோசை ஏற்றிவிட இன்னொரு நொதியம் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த வழி இது. இலையும் வீணாகாது, வேண்டிய பொருள் மட்டும் கிடைக்கும்.

மகன் கேள்விப்பட்டது இன்னொரு வழியாக இருக்கும்: இலையே இல்லாமல், தொட்டிக்குள் மதுவமே சீனியைத் தின்று எல்லாவற்றையும் செய்து முடிப்பது. அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் 2019இல் அதற்கென ஒரு பெரிய ஆலை திறந்தார்கள். அதோடு போட்டியிட உங்கள் தோட்டத்தால் முடியாது. இலைத்தூளை இனிப்பூட்டியாக அங்கே விற்கவும் வழியில்லை. அமெரிக்காவில் இனிப்பூட்டியாக ஏற்பது 95 சதவீதம் தூய்மையான சாற்றைத்தான்.

இன்னொரு சிக்கல் எங்கள் பகல். சீனித்துளசி குறும்பகலில் பூக்கும் செடி. யாழ்ப்பாணத்தில் பகல் எந்த மாதமும் 13 மணித்தியாலத்தை எட்டாது. ஆகவே அவசரமாகப் பூக்கும், பூத்தால் இலையில் இனிப்பு இறங்கும். மொட்டுக் கண்டவுடனேயே வெட்டவேண்டும்.

ஒரு பரப்பில் தொடங்குங்கள். மாரி ஓய்ந்தபின் மேட்டுப்பாத்தியில் தண்டுத்துண்டு நடுங்கள். விதை சரியாக முளைக்காது. கிணற்று நீர் உவரென்றால் நடவே வேண்டாம். காய்ந்த இலையை உள்ளூரிலேயே தேநீருக்கு விற்கலாம். வாங்கும் நீரிழிவுக்காரர் "குளுக்கோசு ஒட்டியிருக்கிறதே" என்று பயந்தால், பெருங்குடல் பற்றீரியாக்கள் அதைப் பிரித்துத் தாங்களே எடுத்துக்கொள்வதால் இரத்தச் சீனி ஏறாது என்று தைரியமாகச் சொல்லுங்கள்.