புது வீட்டுக்குக் குறைந்த செலவில் ஸ்கிரீன் போட என்ன வழி? அளவு எப்படி எடுப்பது?

கோயம்புத்தூரில் புது வீடு, ஐந்து ஜன்னல், கையில் பணம் குறைவு என்கிறீர்கள். முதலில் ஸ்கிரீன் தொங்கவிடும் கம்பியை மாட்டிவிடுங்கள், அப்புறம் டேப்பை எடுங்கள். ஜன்னல் சட்டத்தை அளந்து துணி வாங்கி நான் ஏமாந்திருக்கிறேன். அளக்க வேண்டியது கம்பியைத்தான்.

4 அடி ஜன்னலுக்குக் கம்பி இருபுறமும் அரையடி நீண்டு 5 அடி இருக்கட்டும். மடிப்பு அழகாக விழத் துணியின் அகலம் அதைப்போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வேண்டும். 4 அடி அகலத் துணி இரண்டு போட்டால் 8 அடி, போதும். உயரத்தில் மேலும் கீழும் மடித்துத் தைக்க 8 அங்குலம் கூட்டிக்கொள்ளுங்கள்.

துணிக்கு ஈரோட்டு ஜவுளிச் சந்தை, இல்லையென்றால் கரூர். ஏற்றுமதியில் மிஞ்சிய ஸ்கிரீன்கள் கரூரில் மலிவாகக் கிடைக்கும். ஆனால் பெரும்பாலும் 84 அல்லது 96 அங்குல நீளம், நம் ஜன்னலுக்கு அதிகம். வெட்டித்தான் தைக்க வேண்டும். பருத்தியென்றால் ஒருமுறை நனைத்துக் காயவைத்த பிறகே கத்தரி வையுங்கள், இல்லாவிட்டால் முதல் துவைப்பில் சுருங்கிவிடும். கம்பி நுழையும் வளையத்தைத் துணியிலேயே பதிப்பதாக இருந்தால் ஒவ்வொரு துணியிலும் இரட்டைப்படையில் வையுங்கள். அப்போதுதான் இரண்டு ஓரமும் சுவர்ப் பக்கமே திரும்பும்.

ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மெல்லிய துணியைக் கூரைக்கே தூக்கும். வெட்டிய மிச்சத்தை வீசாமல் கீழ் மடிப்புக்குள் வைத்துத் தைக்கச் சொல்லுங்கள், கனம் நிற்கும். மாலை வெயில் அடிக்கும் மேற்கு ஜன்னலுக்கு மட்டும், ஸ்கிரீனின் பின்பக்கம் சேர்த்துத் தைக்கும் உள்துணிக்குச் செலவழிக்கலாம்.