"மயக்க டாக்டர் எங்க ஆள் இல்லை" என்று மருத்துவமனை சொன்னால்?

கேள்வி: கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு கிராமம் எங்களுக்கு. சென்ற ஆண்டு அம்மாவுக்கு (வயது 58) கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் பித்தப்பைக் கல் ஆபரேஷன். மயக்க ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் ஆக்சிஜன் இறங்கிவிட்டதாம். ஐசியுவில் வைத்துக் காப்பாற்றினார்கள். ஆனால் இப்போது ஞாபகம் நிற்பதில்லை, கை நடுங்குகிறது. இரண்டு மாடு வைத்துச் சொசைட்டிக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்தவர், இன்று அடுப்படிக்கே துணை வேண்டியிருக்கிறது. கேட்டால், "மயக்க டாக்டர் வெளியிலிருந்து வந்தவருங்க, எங்க ஸ்டாஃப் இல்லை. நீங்களும்தான் கையெழுத்துப் போட்டிருக்கீங்க" என்கிறார்கள். கட்டியது ஒன்றே முக்கால் லட்சம். 14 மாதம் ஆகிவிட்டது. மாமா போலீசுக்குப் போகச் சொல்கிறார். என்ன செய்யலாமுங்க?

பதில்: மாமாவைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். முதலில் கைக்கு வர வேண்டியது கேஸ் ஷீட், அதாவது மருத்துவமனை எழுதி வைத்த முழுச் சிகிச்சைப் பதிவு. டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. முழு ஆவணத்தின் நகலையும் எழுத்து மூலம் கேளுங்கள், பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளே சொல்கின்றன. ஆவணங்களை மூன்று ஆண்டு வைத்திருந்தால் போதும் என்றும் அதே விதிகளில் இருக்கிறது. அதனால் தள்ளிப்போட வேண்டாம்.

அந்த ஆவணங்களில் உங்களுக்கு உயிர்நாடி, மயக்க மருந்துப் பதிவுத் தாள். அறைக்குள் நடந்ததை அம்மா பார்க்கவில்லை, நீங்களும் பார்க்கவில்லை. நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு, எந்த மருந்து எத்தனை மணிக்கு என்று அந்தத் தாளில் சில நிமிடங்களுக்கு ஒருமுறை குறித்திருக்க வேண்டும். ஆக்சிஜன் எப்போது இறங்கத் தொடங்கியது, எத்தனை நிமிடம் கழித்துக் கவனித்தார்கள், அதற்குள் என்ன செய்தார்கள் என்பதில்தான் வழக்கே இருக்கிறது. ஆபரேஷனுக்கு முந்தைய மயக்க மருத்துவப் பரிசோதனைத் தாளையும் பாருங்கள். நம் ஊர்களில் ஒரே மயக்க டாக்டர் காலையில் பல நர்சிங் ஹோம்களுக்கு ஓடுவது புதிதல்ல. ஆகவே அவர் எத்தனை மணிக்கு வந்தார், கடைசி வரை அம்மா பக்கத்திலேயே இருந்தாரா என்பதும் முக்கியம்.

இனி "எங்க ஆள் இல்லை" என்ற பதில். அது செல்லாது. சவிதா கார்க் வழக்கில் 2004இலேயே உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்துவிட்டது. சம்பளத்துக்கு இருப்பவரானாலும் அழைப்பின் பேரில் வந்து போகிறவரானாலும், நோயாளிக்குப் பொறுப்பு மருத்துவமனைதான். நீங்கள் நம்பிப் போனது மருத்துவமனையை, பில் கொடுத்ததும் அவர்கள். இருந்தாலும் புகாரில் மருத்துவமனை, அறுவை மருத்துவர், மயக்க டாக்டர் மூவரையுமே எதிர்த்தரப்பாகச் சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் ஒருவரை ஒருவர் கைகாட்டிக்கொண்டே காலம் போகும்.

கையெழுத்து விஷயம் இன்னும் எளிது. சிகிச்சையில் உள்ள ஆபத்தைத் தெரிந்து ஒப்புக்கொண்டதற்குத்தான் அந்தக் கையெழுத்து. கவனக்குறைவாக நடந்துகொள்ள அது உரிமம் கிடையாது. மயக்க மருந்துக்குத் தனி ஒப்புதல் வாங்கினார்களா, தமிழில் விளக்கினார்களா என்பதையும் கேளுங்கள்.

ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன். விளைவு மோசமானதாலேயே தவறு நடந்தது என்று ஆகிவிடாது. எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் சிலருக்கு ஒவ்வாமை வரலாம், மூச்சுக்குழாய் இறுகலாம். திறமையான சராசரி மயக்க மருத்துவர் செய்திருக்கக்கூடியதை இவர் செய்யவில்லை என்று காட்ட வேண்டும். எல்லா வழக்குக்கும் நிபுணர் கருத்து கட்டாயமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2010இல் சொன்னது உண்மைதான். ஆனால் உங்களுடையதற்கு அது இல்லாமல் இறங்க வேண்டாம் என்பேன். கோவை, ஈரோட்டில் டாக்டருக்கு டாக்டர் பழக்கம் அதிகம், எழுதித் தரத் தயங்குவார்கள். வெளி மாவட்டத்தில் ஒரு மூத்த மயக்க மருத்துவரிடம் தாள்களைக் காட்டுங்கள். தவறில்லை என்று அவர் சொன்னால், அலைச்சலாவது மிச்சம்.

தவறு என்றால் நுகர்வோர் ஆணையம். பணம் வாங்கிச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆபரேஷன் கோவையில் நடந்தாலும், 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஈரோடு மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. எவ்வளவு இழப்பீடு கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்துக் கட்டணம் ஏறாது. கெடு இரண்டு ஆண்டு, அதாவது உங்களுக்கு இன்னும் பத்து மாதம். வக்கீல் கட்டாயமில்லை, ஆனாலும் மருத்துவ வழக்கில் ஒருவர் இருப்பது நல்லது. சில மாதங்களில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் நடைமுறையில் ஆண்டுக்கணக்கில் இழுக்கும், அதற்கும் தயாராக இருங்கள். சொசைட்டிப் பால் கணக்குப் புத்தகத்தைப் பத்திரப்படுத்துங்கள். அம்மாவின் வருமானத்துக்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. இடையில் மருத்துவமனை ஏதாவது தொகை கொடுத்து, "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று கையெழுத்துக் கேட்டால், வக்கீலிடம் காட்டாமல் போடாதீர்கள்.

போலீஸ் வழியும் உண்டு, ஆனால் கடினம். 2005இல் வந்த உச்ச நீதிமன்றத்தின் ஜேக்கப் மேத்யூ தீர்ப்புப்படி, மிகக் கடுமையான அலட்சியம் இருந்தால்தான் மருத்துவர் மீது குற்ற வழக்கு. அதற்கும் முன்னதாகச் சுயேச்சையான மருத்துவக் கருத்து வேண்டும். தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுத்தால் மருத்துவரின் பதிவைக் குறிப்பிட்ட காலத்துக்கு நீக்கலாம், ஆனால் ஒரு ரூபாய் இழப்பீடு வராது.

கேள்வி: திருப்பூர் அரசு மருத்துவமனையில் மனைவிக்குச் சிசேரியன். முதுகில் ஊசி போட்டதிலிருந்து தலைவலி, இப்போது முதுகுவலியும். கேஸ் போடலாமா?

பதில்: எழுந்து உட்கார்ந்தால் கூடி, படுத்தால் குறையும் தலைவலி அந்த ஊசிக்குத் தெரிந்த பக்கவிளைவு. அது வந்ததே தவறு ஆகாது. வந்த பிறகு சொல்லியும் கவனிக்காமல் விட்டார்களா என்பதுதான் கேள்வி. எல்லோருக்கும் இலவசமாகப் பார்க்கும் மருத்துவமனை நுகர்வோர் ஆணையத்துக்குள் வராது. உரிமையியல் நீதிமன்றமோ உயர் நீதிமன்றமோதான் வழி. முதுகுவலிக்கு ஊசி மேல் பழி போடுவதற்கு முன் எலும்பு மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். பிள்ளைப் பேற்றுக்குப் பின் முதுகுவலி ஊசி போடாதவர்களுக்கும் வருகிறது.