சிபில் அறிக்கையில் தப்பு இருந்தால்: வந்த கேள்விகளும் என் பதில்களும்

வங்கியின் கடன் பிரிவில் 22 வருடம் வேலை பார்த்தவன் என்பதால் இந்தக் கேள்விகளை என்னிடம் அனுப்பியிருக்கிறார்கள். முதலில் ஒன்று. நாம் எல்லாவற்றையும் சிபில் என்றே சொல்லிவிடுகிறோம். ஆனால் நாம் வாங்கிய கடனையும் அதைக் கட்டிய விதத்தையும் பதிந்து ஸ்கோர் போடும் கடன் தகவல் நிறுவனங்கள், டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நான்கு உண்டு. ஒவ்வொன்றிலும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கை இலவசம். நான்கையும் எடுத்துப் பாருங்கள். ஒன்றில் இருக்கும் தப்பு மற்றதில் இல்லாமல் இருக்கலாம்.

திருநெல்வேலி: சார், நான் பைக் லோன் வாங்கினதே இல்லை. என் அறிக்கையில் ஒரு பைக் லோன், அதுவும் ஆறு மாதத் தவணை பாக்கியோடு இருக்கிறது. ஸ்கோர் 590. என் பெயர் எஸ்.முருகன்.

உங்கள் பெயரைப் பார்த்ததுமே பாதி புரிந்துவிட்டது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ஒரே ஊரில் எஸ்.முருகன் நாலு பேர் இருப்பார்கள். பான் கார்டில் இனிஷியலை விரித்து அப்பா பெயரைப் போட்டிருப்பார்கள், வங்கிக் கணக்கில் வெறும் 'எஸ்' இருக்கும். போதாததற்குப் பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட மே, ஜூன் தேதிதான் நம்மில் நிறையப் பேருக்குப் பிறந்த நாள். பெயர், பிறந்த தேதி, பான், போன், முகவரி இவற்றை வைத்துத்தான் கணினி ஆட்களைச் சேர்க்கிறது. கடன் விண்ணப்பத்தில் பான் எண் விட்டுப்போயிருந்தால் அடுத்த தெரு முருகனின் பாக்கி உங்கள் தலையில் விழும்.

அறிக்கையில் அந்தக் கணக்கின் பகுதியைத் திறந்து கடன் கொடுத்தவர் பெயர், கணக்கு எண், தொடங்கிய தேதி மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். மேலே முகவரிப் பட்டியலில் நீங்கள் குடியிருக்காத முகவரி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதுவே நல்ல சாட்சி. பிறகு அறிக்கை தந்த நிறுவனத்தின் தளத்தில் 'இந்தக் கணக்கு என்னுடையது அல்ல' என்று டிஸ்ப்யூட், அதாவது திருத்தம் கேட்கும் புகார், போடுங்கள், கட்டணம் கிடையாது. அதே நாளில் கடன் கொடுத்தவருக்கும் பான், ஆதார் நகலோடு எழுதுங்கள். 'இந்தக் கணக்கின் கடன் விண்ணப்பத்தில் உள்ள புகைப்படத்தையும் கையெழுத்தையும் என்னுடையவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கவும்' என்ற வரி கட்டாயம் இருக்கட்டும். ஒரு தடவை என் மேசைக்கே இப்படி ஒரு கடிதம் வந்தது. கோப்பை எடுத்துப் பிரித்தால் போட்டோவில் இருந்தவர் வேறு ஆள். பத்து நிமிட வேலை. அதை யாரும் கேட்காததால் மூன்று வருடம் அந்த மனிதருக்கு எங்கும் கடன் கிடைக்கவில்லை.

ஈரோடு: 2021-லேயே பர்சனல் லோன் முழுசா கட்டி முடிச்சாச்சு. இன்னும் பாக்கி 18,000 என்று காட்டுகிறது. சிபிலுக்கு மூணு மெயில் போட்டும் பதில் 'வங்கி உறுதிசெய்யவில்லை'.

வங்கி உறுதிசெய்யாமல் அந்த நிறுவனத்தால் ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது. அறிக்கை வெறும் கண்ணாடி, தப்பு வங்கியின் பேரேட்டில் இருக்கிறது. வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். கடைசித் தவணை போன வங்கி ஸ்டேட்மென்டை இணைத்து, கடன் முடிந்ததற்கான கடிதமும் கேளுங்கள்.

ஏப்ரல் 2024-லிருந்து விதி இருக்கிறது: புகார் கொடுத்து 30 நாளில் சரிசெய்யாவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். வங்கி 21 நாளுக்குள் திருத்திய தகவலை அனுப்பாவிட்டால் வங்கி தரும், அனுப்பியும் அறிக்கையில் ஏற்றாவிட்டால் கடன் தகவல் நிறுவனம் தரும். அதனால் புகார் எண், தேதி இரண்டையும் பத்திரமாக வையுங்கள். போனில் பேசியதற்கு மதிப்பு கிடையாது.

சென்னை: நாமே ஸ்கோர் பார்த்தால் குறையுமா?

குறையாது.

மதுரை: ஒரு கிரெடிட் கார்டு வீட்டுக்கு வந்தது. நான் ஆக்டிவேட்டே செய்யவில்லை. 590 ரூபாய் ஆண்டுக் கட்டணம் வட்டியோடு 7,300 ஆகி, 'ரிட்டன் ஆஃப்' (வராக்கடன் என்று வங்கி தள்ளிவிட்டது) என்று அறிக்கையில் வந்துவிட்டது. வசூல் ஆள் 2,500 கட்டினால் செட்டில்மென்ட் என்கிறார்.

கட்டாதீர்கள். ஆக்டிவேட் ஆகாத புதுக் கார்டின் விவரத்தைக் கடன் தகவல் நிறுவனங்களுக்கு அனுப்பவே கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் 2022 உத்தரவு. கார்டு அதற்குப் பிறகு வந்திருந்தால் அதைச் சுட்டிக்காட்டியே புகார் எழுதுங்கள். அப்புறம் 'செட்டில்டு' என்ற சொல்லைப் பார்த்துப் பயப்படுங்கள். முழுசாகக் கட்டாமல் பேரம் பேசி முடித்தவர் என்றுதான் அடுத்த வங்கி அதைப் படிக்கும்.

கோவை: சார், கோபித்துக்கொள்ளாதீங்க. எனக்கும் இதே கதைதான், 4,100 ரூபாய். வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சு, பத்து நாளில் லோன் வரணும். உங்களை மாதிரி 30 நாள் காத்திருந்தால் அட்வான்ஸே போயிருக்கும். கட்டினேன், லோன் வந்தது.

கோபம் இல்லை. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் கட்டியிருப்பேன். ஆனால் 'க்ளோஸ்டு' என்று கடிதம் வாங்கினீர்களா?

கோவை: வாங்கினேன். ஆனால் ரெண்டு வருஷம் ஆகியும் ஸ்கோர் 680 தாண்டலை.

நான் சொல்ல வந்தது இதைத்தான். பணம் கட்டினால் கணக்கு மூடும், பழைய தாமதம் அழியாது. மாதவாரியான கட்டங்களைப் பாருங்கள். ஒழுங்காகக் கட்டிய மாதத்தில் 000 இருக்கும். உங்களுக்கு 030, 060, 090 என்று தாமதமான நாள் கணக்கு ஏறிக்கொண்டே போயிருக்கும். 36 மாதத்துக்கு அது கண்ணில் படும். அந்தப் பாக்கியே தப்பு என்று வங்கியை ஒப்புக்கொள்ள வைத்தால்தான் அந்த எண்கள் மாறும்.

மதுரை: அப்போ கட்டினவங்க தப்பை ஒத்துக்கிட்ட மாதிரிதானே?

இல்லை. அவசரத்துக்குக் கட்டியதாலேயே உரிமை போய்விடாது. கோவை நண்பர் இன்றைக்கும் டிஸ்ப்யூட் போடலாம். 'வீட்டுக்கடனுக்காக, ஆட்சேபத்துடன் செலுத்தினேன்' என்று எழுதுங்கள். கட்டும்போதே அந்த வரியை மெயிலில் அனுப்பியிருந்தால் இன்னும் வலுவாக இருந்திருக்கும். போடுங்கள், என்ன ஆனது என்று எனக்கும் எழுதுங்கள்.

சேலம்: ஒருத்தர் 8,000 கொடுத்தால் ஸ்கோரை 750 ஆக்கித் தருகிறேன் என்கிறார்.

கொடுக்காதீர்கள். அவர் போடப்போவதும் நீங்கள் இலவசமாகப் போடக்கூடிய அதே டிஸ்ப்யூட்தான். ஓடிபி கேட்டால் பேச்சையே நிறுத்துங்கள்.

திருச்சி: ஸ்கோர் சீக்கிரம் ஏற வழி?

அறிக்கையில் தப்பு இருந்தால் மேலே சொன்னதுதான் வழி. தப்பு இல்லையென்றால் தவணையை நாள் தவறாமல் கட்டுவது.

வேலூர்: 710-லிருந்து 750 ஆக்க என்ன செய்யணும்?

திருச்சிக்குச் சொன்னதேதான்.

விழுப்புரம்: என் பான் எண்ணை வைத்து யாரோ ஆப்பில் லோன் எடுத்திருக்கிறார்கள்.

இது மோசடி, உடனே 1930-க்கு அழையுங்கள். அந்தப் புகாரின் நகலோடு டிஸ்ப்யூட் போடுங்கள்.

நாகர்கோவில்: 45 நாள் ஆச்சு, வங்கி பதிலே தரவில்லை.

ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் போங்கள். ரிசர்வ் வங்கியின் புகார் தளமான சி.எம்.எஸ்-இல் பதியலாம், விவரம் கேட்க 14448. வங்கிக்குக் கொடுத்த புகாரின் நகல் இல்லாமல் அங்கே நிற்காது. நேரில் கடிதம் கொடுத்திருந்தால், உங்கள் நகலில் கிளையின் வட்ட முத்திரையும் தேதியும் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று இப்போதே எடுத்துப் பாருங்கள். இல்லையென்றால் நாளைக்கே போய் வாங்கிவிடுங்கள்.