மதிப்பெண் இருக்கட்டும், கணக்கு நோட்டைப் பார்ப்போம்

மூன்று நாளில் ஆறு முறை கைபேசியில் மூளைத்திறன் சோதனை செய்து, ஒவ்வொரு முறையும் வெவ்வேறு மதிப்பெண் வந்ததில் பயந்துபோய் எழுதியிருக்கிறீர்கள். அம்மாவுக்கு இருந்த மறதிநோய் 58 வயதில் உங்களுக்கும் வந்துவிட்டதா என்பதுதான் கேள்வி. அதற்கு அந்த மதிப்பெண்ணிடம் பதில் இல்லை.

நீங்கள் செய்தது 1935-ல் ஸ்ட்ரூப் என்ற அமெரிக்க உளவியலாளர் வெளியிட்ட சோதனையின் ஒரு வடிவம். 'சிவப்பு' என்ற சொல் நீல மையில் இருக்கும். மையின் நிறத்தைச் சொல்ல வேண்டும். படித்துப் பழகிய கண் சொல்லைத்தான் முதலில் பிடிக்கும். அதை அடக்கி நிறத்தைச் சொல்ல எல்லோரும் தடுமாறுவார்கள். எவ்வளவு தடுமாறுகிறோம் என்பதுதான் அளவு. ஆனால் திட்டமிடுவது, அவசரத்தை அடக்குவது, ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது ஆகிய நிர்வாகத் திறன்கள் அனைத்தையும் ஒரே சோதனை அளந்துவிடாது. நேரில் வந்தால், எண்களைத் தலைகீழாகச் சொல்லச் சொல்வோம். எண்ணையும் எழுத்தையும் மாற்றி மாற்றிக் கோடிழுத்து இணைக்கச் சொல்லி நேரம் பார்ப்போம். ஒரு நிமிடத்தில் ஒரே எழுத்தில் தொடங்கும் சொற்களைக் கேட்போம். அப்புறம் அதை உங்கள் வயதும் படிப்பும் உள்ளவர்களோடு ஒப்பிடுவோம். தூக்கமின்மை, மனச்சோர்வு, காது மந்தம், எல்லாமே மதிப்பெண்ணைக் குறைக்கும். திரும்பத் திரும்பச் செய்தால் பழக்கத்திலேயே ஏறும். எதிரே ஆள் உட்கார்ந்து, எங்கே தவறினீர்கள், தவறியது உங்களுக்கே தெரிந்ததா என்று கவனிப்பதுதான் எனக்கு முக்கியம். கைபேசி அதைப் பார்க்காது. இனி அந்தச் சோதனையைத் தொடாதீர்கள்.

தெரிந்தவர் பெயர் சட்டென்று வராதது, அறைக்குள் போய் எதற்கு வந்தோம் என்று நிற்பது, இதெல்லாம் சரி, விடுங்கள். கொஞ்ச நேரத்தில் நினைவு வந்துவிடுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

என்னை நிறுத்தியது கடைசி வரி. முப்பது வருடமாக எழுதிவரும் கணக்கில் ஆறு மாதமாகத் தப்பு வருகிறது, ஒரே தொகையை இரண்டு முறை கட்டியிருக்கிறீர்கள் என்று மகள் சொல்கிறார். 'அவள் பெரிதுபடுத்துகிறாள்' என்கிறீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கைவந்த வேலையில் சறுக்கல், அதை நமக்கு முன்னால் வீட்டில் இருப்பவர் கவனிப்பது: இதற்குத்தான் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இது மறதிநோய்தான் என்று சொல்லவில்லை. எட்டு மாதமாக யாரையும் கேட்காமல் தினமும் தூக்க மாத்திரை போடுகிறீர்களே, அதுவே இப்படிச் செய்யும். பழைய சீட்டைக் காட்டி மாத்திரை வாங்கும் பழக்கத்தை என்னால் பொறுத்துக்கொள்ளவே முடிவதில்லை. அதற்காக இன்றே சட்டென்று நிறுத்தாதீர்கள், அது ஆபத்து; மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார். விளம்பரம் பார்த்து வாங்கிய ஞாபகசக்தி மாத்திரையைத் தாராளமாக நிறுத்தலாம். தைராய்டு குறைவும் வைட்டமின் பி12 குறைவும் இப்படிக் காட்டும், இரண்டும் ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

இந்த வாரமே நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவர் பேசும்போது குறுக்கிடாதீர்கள். மாத்திரை அட்டைகளும், இந்த வருடக் கணக்கு நோட்டும், மூன்று வருடத்துக்கு முந்தைய நோட்டும் கையில் இருக்கட்டும்.